டெண்டர் கிடைத்த பிறகு வரும் முப்பது நாட்கள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறுதொழில் நடத்தும் நம்மவர்களிடம் அரசுக் கொள்முதலைப் பற்றிப் பேச்செடுத்தால், அதெல்லாம் பெரிய ஆட்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இவர்களில் பலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பள்ளிச் சீருடை தைப்பவர், மருத்துவமனைக்குக் காய்கறி கொடுக்கக்கூடியவர், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர் ஆகிய அனைவரிடமும் அரசுக்குத் தேவையான பொருளோ திறமையோ இருக்கிறது. அவர்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அரசுக் கொள்முதல் நியாயமாகவும், வெளிப்படையாகவும், போட்டிக்கு இடம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 217ஆம் பிரிவு கூறுகிறது. அதை நடைமுறைப்படுத்த 2000ஆம் ஆண்டில் வந்த முன்னுரிமைக் கொள்முதல் சட்டத்தின்படி, 30,000 ராண்ட் முதல் 5 கோடி ராண்ட் வரையிலான கொள்முதலில் விலைக்கு 80 புள்ளிகளும், முன்பு ஒதுக்கப்பட்டவர்களை முன்னேற்றுவது போன்ற நோக்கங்களுக்கான முன்னுரிமைக்கு 20 புள்ளிகளும் தரப்படுகின்றன. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். போட்டியில் மிகக் குறைந்த விலை ஒரு லட்சம் ராண்ட் என்றும், நீங்கள் கேட்டது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றும் வைத்துக்கொள்வோம். குறைந்த விலைக்காரருக்கு 80 புள்ளிகள் கிடைக்கும். பத்து விழுக்காடு கூடுதலாகக் கேட்ட உங்களுக்கு 72 கிடைக்கும். முன்னுரிமைப் புள்ளிகள் இருபதும் உங்களுக்குக் கிடைத்து, அவருக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், 92க்கு 80 என்று வேலை உங்களுக்கே வரும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அந்த இருபது புள்ளிகளை எந்த நோக்கங்களுக்குத் தருவது என்பதை வாங்கும் நிறுவனமே டெண்டர் ஆவணத்தில் எழுத வேண்டும். ஆகவே விலை போடுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஆண்டு வருவாய் ஒரு கோடி ராண்டுக்கு மேற்படாத சிறு நிறுவனங்கள் பி-பிபிஇஇ எனப்படும் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் தகுதிக்காகப் பணம் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் இலவசமாக உறுதிசெய்து தரப்படும் பிரமாணப் பத்திரமே போதும். 1994க்கு முன்பே குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் அவர்களின் பிள்ளைகளும் அந்தச் சட்டம் கூறும் முன்னுரிமைப் பிரிவில் அடங்குவார்கள் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அரசுக்குப் பொருளோ சேவையோ விற்பவர்களின் பட்டியலான தேசியக் கருவூலத்தின் மத்திய வழங்குநர் தரவுத்தளத்தில் பெயரைப் பதிவு செய்வதும் இலவசம்தான். அதற்குக் கட்டணம் கேட்டு வரும் இடைத்தரகரிடம் ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவர். அவருடைய முதல் விலைப்புள்ளி (கொட்டேஷன்) விலையைப் பார்க்காமலேயே தள்ளப்பட்டது. தொழில் உறவுகளைத் தெரிவிக்கும் எஸ்பிடி 4 படிவத்தில் ஒரு கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ குறிக்காமல் விட்டிருந்ததே காரணம். அடுத்த முறை வேலை கிடைத்தது. உண்மையான சோதனையும் அப்போதுதான் தொடங்கியது. இன்வாய்ஸ் பெற்ற முப்பது நாட்களுக்குள் அரசு அலுவலகங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர் சரக்கை இறக்கிவிட்டு இன்வாய்ஸையும் கொடுத்துவிட்டு வந்தார். அதில் கொள்முதல் ஆணை எண் இல்லையென்று அந்தத் தாள் யாரோ ஒருவரின் மேசையிலேயே கிடந்தது. அதைச் சொல்லியனுப்பவும் அங்கே ஆளில்லை. "அரசாங்கம் காத்திருக்கச் சொன்னால் நான் காத்திருப்பேன் தம்பி, துணிக்கடைக்காரர் காத்திருப்பாரா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் உடனடிப் பதில் இல்லை.

அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன்பே துணி மொத்த வியாபாரியிடம் பேசி, கடன் தவணையை எழுத்தில் வாங்கிவிடுகிறோம். சரக்கைப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் உள்ள ரசீது, ஆணை எண் குறித்த இன்வாய்ஸ், அதன் நகலில் அலுவலக முத்திரை ஆகிய மூன்றும் கைக்கு வராமல் அவர் வீடு திரும்புவதில்லை. முப்பது நாள் கணக்கு அந்த முத்திரையிலிருந்து ஓடுவதால், தாமதம் ஏற்பட்டால் புகார் செய்வதற்கு அதுவே ஆதாரம்.

பெரிய ஒப்பந்தக்காரரிடம் துணை ஒப்பந்தமாக வேலை எடுப்பவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். அரசு அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும் முப்பது நாள் விதி அந்தத் தனியார் முதலாளியைத் தானாகக் கட்டுப்படுத்தாது. எனக்கு அரசாங்கம் கொடுத்தால் உனக்குக் கொடுக்கிறேன் என்ற வாய்மொழியை நம்பி இறங்கியவர்கள் கடையையே இழந்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பொதுக் கொள்முதல் சட்டம் சிறு நிறுவனங்களுக்கென வேலைகளை ஒதுக்கவும் துணை ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கவும் இடம் தருகிறது. பணம் கைக்கு வரும் நாளும் அதே அளவுக்கு உறுதியாக வேண்டும் என்பது என் கருத்து.

சிறு வழங்குநர்களைத் தாங்கிப் பிடிப்பதை யாரும் தர்மம் என்று எண்ண வேண்டாம். 2023இல் டர்பன் அமைந்துள்ள குவாஸுலு-நடால் மாகாணத்தில் பள்ளி உணவுத் திட்டத்துக்கான பொருள் வழங்கலை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். ஏப்ரலில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது உணவுப் பொருள் வந்து சேராமல் ஏராளமான பள்ளிகளில் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன்பு அந்தந்தப் பகுதியின் சிறு வழங்குநர்கள் செய்துவந்த வேலை அது. பலர் பங்கிட்டுச் செய்யும்போது ஒருவர் தவறினாலும் மாகாணம் முழுவதும் அடுப்பு அணைந்துவிடாது.

நம்முடைய தமிழ்ச் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் மாதம் ஒரு சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிட்டால், படிவம் நிரப்பிக் கொடுக்க நானும் என் தொழில் நண்பர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம். 10 லட்சம் ராண்ட் வரை தேசிய, மாகாணத் துறைகள் டெண்டர் விடாமல், விலைப்புள்ளி கேட்டு வாங்கும் முறையிலேயே வாங்கலாம் என்பதால், முதலில் அதிலிருந்து தொடங்குவோம். வருபவர்கள் அடையாள அட்டை, நிறுவனப் பதிவுத் தாள், வங்கிக் கடிதம், சார்ஸ் எனப்படும் வரித்துறை கொடுத்த வரி இணக்க ரகசிய எண் (PIN) ஆகியவற்றோடு, இதுவரை தள்ளுபடியான விலைப்புள்ளி ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள்.