துண்டைக் காணோம், துணியைக் காணோம்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம். காய்கறிக் கடையில் வேலை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது. கடைக்கார அம்மாவிடம், புதிதாகக் காதில் விழுந்த சொல்லை எடுத்துவிட்டேன்: "ஐ ஹேவ் டு ஸ்கார்ப்பர்."

தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த வேன்காரத் தாத்தா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கல்லாவுல எவ்வளவு எடுத்தே?"

வேகமாகக் கிளம்புவது என்றுதான் நினைத்திருந்தேன். அது போலீஸ்காரரைப் பார்த்ததும் ஓடும் ஓட்டமாம். நம்மூர்க் கணக்கில் 'கம்பி நீட்டுவது'.

தாத்தா இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்று ஒரு கப்பற்படைத் துறை இருந்தது; 1919 ஜூன் 21 அன்று, அங்கே பிடித்துவைத்திருந்த தங்கள் கப்பல்களை ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். கிழக்கு லண்டன்வாசிகளான காக்னிக்காரர்களின் எதுகைப் பேச்சில், சொல்லுக்குப் பதில் அதோடு எதுகையாகும் தொடரைச் சொல்வார்கள்; 'ஃப்ளோ'வுக்கு எதுகை 'கோ' என்பதால் 'ஸ்காப்பா ஃப்ளோ' என்றால் 'கோ', அதாவது போ. பிறகு 'ஃப்ளோ'வை விட்டுவிட்டு 'ஸ்காப்பா' மட்டும் நிற்கும். அதிலிருந்து வந்ததுதான் 'ஸ்கார்ப்பர்' என்று அடித்துச் சொன்னார். இவர்கள் வாயில் 'ர்' தேய்ந்து 'ஸ்காப்பா' என்றே ஒலிப்பதால் நானும் நம்பிவிட்டேன்.

நூலகத்து அகராதி வேறு கதை சொன்னது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்திருக்கிறது. இத்தாலிய மொழியில் 'ஸ்கப்பாரே' என்றால் தப்பி ஓடு. நாடகக்காரர்கள், சர்க்கஸ்காரர்கள், கப்பல் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பொலாரி என்ற குழூஉக்குறியிலும் இது உண்டு. பின்னாளில் ஸ்காப்பா ஃப்ளோ இதற்குத் தெம்பு கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய கதை. லத்தீனில் 'எக்ஸ்' வெளியே, 'கப்பா' மேலங்கி. பிடிக்க வந்தவன் கையில் மேலங்கியை விட்டுவிட்டு ஆள் மட்டும் நழுவுவது. 'எஸ்கேப்'புக்கும் அதுவே வேர். சென்னையில் "மச்சான் எஸ்கேப் ஆயிட்டான்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! இங்கே வந்து அதன் பங்காளியைத் தெரியாமல் முழித்திருக்கிறேன்.

மறுநாள் தாத்தாவிடம், "எங்க ஊர்ல துண்டைக் காணோம், துணியைக் காணோம்னு ஓடினான்னு சொல்வோம்" என்று விளக்கினேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

அன்று சரக்கு இறக்கி முடித்ததும் கழுத்து மஃப்ளரை உருவி என் கையில் திணித்துவிட்டு, முழங்கால் வலியோடு வேனைப் பார்த்து ஓடினார்.