62ஆம் நம்பர் செட்டிங்

"நீங்களா இருந்தா வித்துருவீங்களாண்ணா?"

அந்தப் பையன் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "வித்துருவேன் தம்பி" என்றேன். 2011 பிப்ரவரியில் நடந்த பேச்சு இது. பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கிற கடை என்னுடையது. அதற்கப்புறம் எத்தனையோ பேர் அங்கே கீபோர்டும், தட்டி வாசிக்கிற எலக்ட்ரானிக் பேடும், கிடாரும் விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். பல பேருடைய முகம்கூட நினைவில் இல்லை. இந்த ஒரு கேள்வியும் பதிலும் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது அந்த வருடம் ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அது ஏன் வந்தது என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சித்தி வீட்டுத் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணை பக்கம். சாயக்கழிவு இறங்கிய அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மாடு வாய் வைக்காது. அதனால் உத்தரவு தப்பென்று என்னால் அன்றைக்கும் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் சாயம் நின்றால் துணி நிற்கும், துணி நின்றால் தையல் நிற்கும், தையல் நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் பாட்டுக்காரன் இருக்கிறான் என்பது அந்த மாசி மாதத்தில்தான் எனக்கே உறைத்தது.

மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் எங்கள் பக்கத்தில் நோம்பிக் காலம், அதாவது கோயில் திருவிழாக் காலம். பூச்சாட்டி, கம்பம் நட்டு, மாவிளக்கு எடுக்கிற அன்றைக்கு ராத்திரி ஆர்கெஸ்ட்ரா. அதற்கு யாராவது ஒரு பட்டறைக்காரரோ பனியன் கம்பெனிக்காரரோ உபயம் எழுதிக்கொடுத்திருப்பார். அந்த வருடம் உபயக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. போதாததற்கு ஏப்ரல் 13 சட்டமன்றத் தேர்தல். தேர்தல் நேரத்துக் கெடுபிடியில் ராத்திரி பத்து மணிக்குமேல் மைக் போட ஊர்க்காரர்களுக்குத் துணிச்சல் இல்லை. பத்து மணிக்கு நிறுத்துகிற கச்சேரியை எந்த ஊர் வைக்கும்? அப்போது நானும் ஒரு குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதி வைத்திருந்த பதினான்கு புரோகிராமில் ஐந்து மிஞ்சியது.

இதில் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய கருவிகளுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல விலை கிடைப்பது தை, மாசியில்தான். சீசன் தொடங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று எல்லாக் குழுவும் அலையும். சீசன் முடிந்து ஆனி வந்தால் விலை இறங்கும். விற்க வருபவர்களிடம் "தை வரைக்கும் பொறுங்க" என்றுதான் சொல்லுவேன். 2011இல் அந்தக் கணக்கு தலைகீழாகப் போனது. விலை ஏற வேண்டிய மாசியில் என் கடையில் நான்கு கீபோர்டும் இரண்டு மிக்சரும் வந்து உட்கார்ந்துவிட்டன. விற்க மட்டும்தான் ஆள் வந்தது. ஊரே ஒரே நேரத்தில் விற்க வந்தால் பண்டத்துக்கு மதிப்பு இருக்காது.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் பையன் வந்தான். வாரம் ஆறு நாள் ஒரு பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றுகிற சாஃப்ட்ஃப்ளோ மெஷின் ஓட்டுவான். நோம்பி ராத்திரிகளில் பேட் வாசிப்பான். பகல் பிழைப்பும் ராத்திரிப் பிழைப்பும் ஒரே உத்தரவில் போய்விட்டன. ரோலண்ட் எஸ்பிடி 20 பேடை, வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான். தட்டுகிற எட்டு ரப்பரும் சுத்தமாக இருந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் இருப்பது பேசுகிறதா, ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வருகிறதா, வால்யூமைத் திருகினால் கரகரக்கிறதா, எதுவுமில்லை. அடாப்டரும் கம்பெனி அடாப்டர். இது சின்ன விஷயம் இல்லை. ரோலண்ட் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். கைக்குக் கிடைத்த ஒன்பது வோல்ட்டைச் சொருகி போர்டைத் தீய்த்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். இவன் பேடை அப்படி வைத்திருந்தான்.

அப்புறம் 62ஆம் நம்பரைப் போட்டுக் காட்டினான்.

அந்த மெஷினில் தொண்ணூற்றொன்பது செட்டிங் வைக்கலாம். எந்த ரப்பரில் எந்தச் சத்தம், அதன் சுருதி எவ்வளவு, எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசிப்பவன்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரன் கொடுத்த சத்தங்களுக்குள் உருமி கிடையாது. இவன் வேறு இரண்டு சத்தங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்றின் சுருதியைத் தாழ்த்தி, உருமியின் அந்த முனகலைக் கொண்டுவந்திருந்தான். பக்கத்து ரப்பரில் பம்பை. கம்பத்து ஆட்டத்துக்கு அடிக்கிற அடியை அரை நிமிடம் அடித்தான். கடை வாசலில் டீ வாங்கப் போய்க்கொண்டிருந்தவர் நின்று எட்டிப் பார்த்தார். "எத்தனை நாளாச்சு இதைப் பண்ண?" என்றேன். "மூணு வருசமாங்ணா, கொஞ்சங்கொஞ்சமா" என்றான்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி.

நான் அண்ணனாகப் பதில் சொன்னேனா, வாங்குகிறவனாகச் சொன்னேனா? இதைத்தான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணனாகப் பார்த்தால் நான் சொன்னதில் தப்பில்லை. வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. கைக்குழந்தை. பட்டறை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரானிக் சாமான் நிலம் மாதிரி இல்லை, வைத்திருந்தால் ஏறுவதற்கு. புது மாடல் ஒன்று வந்தால் அன்றைக்கே பாதி விலை. பெட்டியில் போட்டு மூடி வைத்தால் ரப்பரும் கெடும், உள்ளே எறும்பும் போகும். பிழைப்பு திரும்பியதும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கணக்கு சரி.

ஆனால் அவன் கணக்குக் கேட்கவில்லை. "நீங்களா இருந்தா" என்று கேட்டான். எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், என் மனைவியின் பழைய சேலை போர்த்தி, என் எக்ஸ்பி 60 கீபோர்டு இருந்தது. அந்த வாரம்தான் அதற்கு ஒருவர் விலை கேட்டிருந்தார். நல்ல விலை. முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். எனக்கும் ஒன்பது புரோகிராம் போயிருந்தது, எனக்கும் கடை வாடகை நின்றிருந்தது. அப்படியிருந்தும் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. சேலைக்குள் அதை வைத்துக்கொண்டு "வித்துருவேன் தம்பி" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. பாலக்காட்டுப் பக்கம் கோயில் திருவிழாக்கள் சித்திரை தாண்டியும் நடக்கும். அங்கே சாயப்பட்டறை மூடவில்லை. அங்கத்து மேடைக் கச்சேரியான கானமேளாக் குழுக்காரர்கள் விஷுவுக்கு முன்னால் சாமான் தேடிக்கொண்டு வருவார்கள். இங்கே இறங்கிய விலை அங்கே இறங்கவில்லை. நான் அவனுக்குக் கொடுத்தது 11,500. பன்னிரண்டாம் நாள் பாலக்காட்டிலிருந்து வந்தவரிடம் 18,000க்குக் கொடுத்தேன். "அங்க கொண்டு போனா நல்ல விலை கிடைக்கும்" என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் கடை எதற்கு? தெரிந்ததை வைத்துத்தான் வியாபாரம். இப்படிச் சொல்லும்போது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. 62ஆம் நம்பர் ஞாபகம் வந்தால்தான் சரியில்லை என்று படுகிறது.

ஏனென்றால் அவன் கிளம்பும்போது, "செட்டிங்கெல்லாம் அழிச்சுருவீங்ளாண்ணா?" என்று கேட்டான். "அது எதுக்கு அழிக்கோணும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அழித்துவிடச் சொன்னானா, அழிக்காமல் வைக்கச் சொன்னானா என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை. அன்று ராத்திரி மிடி கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, தொண்ணூற்றொன்பது செட்டிங்கையும் ஒரு ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டேன். அவன் திரும்பி வந்து இன்னொரு பேட் வாங்கும்போது ஏற்றிக் கொடுக்கலாம் என்றுதான் அதைச் செய்தேன். இது சத்தியம்.

அவன் வரவில்லை. அடுத்த வருடம் வேறொருவருக்குப் பழைய எஸ்பிடி 20 ஒன்றை விற்றேன். கம்பெனி செட்டிங் மட்டும் இருந்தது. "நோம்பிக்கு ஆகற மாதிரி சவுண்டு இல்லையேங்க" என்றார். அந்த ஃபைலை அதில் ஏற்றிக் கொடுத்தேன். அவருக்குப் பிறகு இன்னொருவர். அப்புறம் இன்னும் நான்கைந்து பேர். அவிநாசி, தாராபுரம், காங்கேயம் பக்கமெல்லாம் "அந்தக் கடையில வாங்கினா உருமி நல்லாருக்கும்" என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சு என் கடைக்குச் சோறு போட்டிருக்கிறது.

செட்டிங் யாருடைய சொத்தும் இல்லை என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள். அவனும் யாரிடமோ பார்த்துத்தான் ஆரம்பித்திருப்பான். நான் வாசிக்கிற ஸ்ட்ரிங்ஸ் செட்டிங்கும் சேலத்துக்காரர் ஒருவர் கொடுத்ததுதான். இதெல்லாம் உண்மை. ஆனால் அவரிடம் நான் கேட்டு வாங்கினேன்.

2014 என்று நினைக்கிறேன், பங்குனியில் ஒரு நோம்பிக்கு வாசிக்கப் போனபோது அவனைப் பார்த்தேன். பட்டறைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பெல்லாம் சரிசெய்துகொண்டு பெரும்பாலும் திறந்திருந்த காலம். அவன் பட்டறைக்குத் திரும்பவில்லை. குட்டி யானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கியதே அவன்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். "நீங்க சொன்னது கரெக்டுங்ணா. அன்னிக்கு அந்தக் காசு இல்லீனா வண்டிக்கு முன்பணம் கட்டியிருக்க முடியாது" என்றான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்குப் பேட் வாசித்தவன் எங்கள் குழுவுக்குப் புதிது, பேட் என் கடையில் வாங்கியது. பதினொரு மணிக்குமேல் கம்பத்து ஆட்டப் பாட்டு வந்ததும் 62ஐப் போட்டான். இவனோ தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்குமா? மூன்று வருடம் உட்கார்ந்து உண்டாக்கிய சத்தம் காதுக்குத் தெரியாமலா போகும்? கச்சேரி முடிந்து பெட்டிகளை ஏற்றிவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு, "வர்றனுங்ணா" என்று போனான். அவ்வளவுதான்.

அவனே நன்றி சொல்லிவிட்டான், இன்னும் என்ன என்று என் மனைவி கேட்கிறாள். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் எதிர்மாறாகச் செய்தேன். பங்குனி, சித்திரை நோம்பி மொத்தமும் போனது. விற்க வந்தவர்களில் மூன்று பேரை "விக்காதே, வெச்சுக்க" என்று திருப்பி அனுப்பினேன். ஒருவருக்குக் கையிலிருந்து 3,000 கொடுத்தேன். அவர் கோர்க் கீபோர்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு, வார வட்டிக்குக் கடன் வாங்கிச் சாப்பிட்டார். 2021 சித்திரையில் இரண்டாம் அலை வந்து மறுபடி எல்லாம் நின்றது. கடைசியில் அதே கீபோர்டை முன்பு கேட்ட விலையில் பாதிக்குக் கோயமுத்தூரில் விற்றார், கடன் அப்படியே நின்றது. என்னிடம் அவர் பேசுவதில்லை. அன்றைக்கு நான் உண்மையாகத்தான் சொன்னேன், முழு மனதோடு சொன்னேன். என் பொய்யைக் கேட்டு விற்றவன் நன்றி சொல்கிறான், என் மெய்யைக் கேட்டு வைத்திருந்தவர் முகம் கொடுப்பதில்லை. இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது?

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது மறுபடி அந்தப் பேச்சு வந்தது. ஆர்டர் நிற்கிறது, ஷிப்ட் குறைகிறது என்று கம்பெனிகளில் சொல்ல ஆரம்பித்ததுமே கருவிகள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டன. ஒரு சாயங்காலம் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிற ஒரு பையன் பேடைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டான். "நீங்க என்ன பண்ணுவீங்ணா?"

அலமாரியைத் திறந்து சேலையை எடுத்தேன். எக்ஸ்பி 60 இன்னும் இருக்கிறது. நாலைந்து கட்டை சரியாகப் பேசாது, ரப்பர் மாற்ற வேண்டும். "இது என்னுது. 2011லயும் விக்கலை, 2020லயும் விக்கலை. ஆனா எனக்குக் கடை இருந்துச்சு தம்பி" என்றேன். அதற்குமேல் சொல்ல வரவில்லை. பாலக்காட்டில் இன்றைக்கு என்ன விலை போகிறது என்பதைச் சொன்னேன். நான் எவ்வளவு தருவேன் என்பதையும் சொன்னேன். அவனுடைய செட்டிங்கை ஃபைலாக இறக்கி அவன் போனுக்கே அனுப்பினேன். என்னிடம் இருந்ததை அவன் எதிரிலேயே அழித்தேன். அவனுக்கு அது எதற்கென்று புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேடையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பெட்டியில் வைத்து மூடினான். படியிறங்கும்போது திரும்பி, "இந்த விலை இருவதாந்தேதி வரைக்கும் இருக்குமுங்ளாண்ணா?" என்றான்.

இருக்கும் என்றேன்.