உருகாத ஃபியூஸ்

மார்ச் 3, செவ்வாய்

மெயின் போர்டு பக்கம் கொஞ்ச நாளாகவே ஒரு கெட்ட வாடை. கிட்டத்தட்ட மீன் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். இன்று ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் போனால் வாடை தூக்கலாக இருந்தது. ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் குறைந்துவிட்டது. எலிக்கு ஏசி தெரியாது. பழைய பெட்டிகளில் இருக்கும் பேக்லைட் மாதிரியான பிளாஸ்டிக் அதிகமாகச் சூடேறினால் இப்படி மணக்கும். எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்தாயிற்று. அதுவரை ஏசி கிடையாது.

மார்ச் 5, வியாழன்

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், மரப்பலகை, பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஒரு கட்டையை உருவினார். தொடர்பு முனை கறுத்திருந்தது. அதில் இருந்தது ஃபியூஸ் வயரே இல்லை. ஏதோ ஒயரைப் பிரித்து எடுத்த செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். யார் செய்த வேலை என்று கேட்டேன். அப்பா பேச்சை மாற்றினார்.

5 ஆம்பியர் ஃபியூஸ் வயரின் தடிமன் 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5, 30 ஆம்பியருக்கு 0.85. இழைகளை முறுக்கிக் கட்டினால் அது எத்தனை ஆம்பியரில் உருகும் என்று கட்டியவருக்கே தெரியாது. ஃபியூஸ் உருகாவிட்டால் சுவருக்குள் ஓடும் வயர் சூடாகும். சரியான வயரைக் கட்டினாலும் இந்தக் கட்டை ஃபியூஸ் மந்தம்தான். எழுதியிருக்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால்தான் உருகும்.

"இதைத் தொட வேண்டாம் சார். மெயினை அணைச்சாலும் மேல்பக்கம் வர்ற வயர்ல கரண்ட் இருக்கும்" என்றார் அண்ணன். எனக்கும் தொடும் ஆசை இல்லை.

மார்ச் 6, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. கரண்ட் வரும் வயரான ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ் இருப்பது போல, அது திரும்பிப் போகும் வயரான நியூட்ரலுக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டிலும் போடுவதுதான் வழக்கமாம். கேட்க இரட்டைப் பாதுகாப்பு மாதிரி இருக்கும். உண்மையில் இந்தப் பெட்டியிலேயே எனக்கு அதிகம் பயம் தந்தது இதுதான்.

நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணையும், மின்விசிறி நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து யாராவது ஹோல்டரைக் கழற்றுவார்கள். ஃபேஸ் அப்படியே உயிரோடு இருக்கும். விளக்கு வழியாக அது நியூட்ரல் வயருக்கும் வந்துவிடும். டெஸ்டர் வைத்தால் இரண்டு முனையிலும் எரியும். பழைய வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

அப்பாவோடு வாக்குவாதம். "இத்தனை வருஷமா ஒரு ஃபியூஸ்கூடப் போகலையே, நல்ல பெட்டிடா" என்கிறார். எனக்கு அதுதான் சந்தேகமே.

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு ஏசி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் 20 ஆம்பியர் சாதாரணம். இந்த வயரிங் போட்டபோது சில விளக்குகளும் மின்விசிறிகளும்தான் கணக்கில் இருந்திருக்கும். ஒரு ஸ்க்ரூ தளர்ந்து அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை வந்தால் போதும்: 20 பெருக்கல் 20 பெருக்கல் 0.1, ஆக 40 வாட். மரப்பலகைமேல் ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டுவைத்த மாதிரி. சூட்டில் விரிந்து ஆறியதும் சுருங்கி, ஸ்க்ரூ இன்னும் தளரும், தடை ஏறும். ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லையே. கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபிக்கும் தெரியாது. மூக்குக்குத்தான் தெரிந்தது.

அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்மதம் என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

மார்ச் 11, புதன்

வயர் உறையின் காப்பை அளக்கும் கருவியான மெக்கர் வைத்துச் சோதித்தோம். எல்லாச் சாதனங்களையும் பிடுங்கிவிட்டு 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகாஓம் வரவேண்டும். கீழ்த்தளம் தப்பித்தது. மாடி லைன் அரையைக்கூடத் தொடவில்லை. அங்கே பழைய ரப்பர் உறை வயர், வளைத்தால் பொடியாக உதிர்கிறது.

ஆகவே பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. எம்சிபியின் அளவை லோடைப் பார்த்துப் போடுகிறவர்கள் உண்டு; வயரைப் பார்த்துத்தான் போட வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுவதும் செம்பு இழையைக் கட்டுவதும் ஒன்றுதான், பார்க்கக் கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அவ்வளவே.

மார்ச் 14, சனி

எம்சிபிகள் எல்லாம் இருக்கும் புது டிபி பெட்டி மாட்டியாயிற்று. கூடவே கரண்ட் கசிவைப் பிடிக்கும் சுவிட்சான 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். 5 ஆம்பியர் ஃபியூஸ் அதைச் சட்டையே செய்யாது.

மாலையில் ஆர்சிசிபி ட்ரிப் ஆகி விழுந்தது. தூக்கிவிட்டோம், மறுபடியும் விழுந்தது. "புதுசு போட்டதும் தொல்லை ஆரம்பிச்சாச்சு" என்றார் அப்பா. அண்ணன் ஒவ்வொரு எம்சிபியாக அணைத்துப் பார்த்தார். கடைசியில் மாட்டியது கீசர். எலிமெண்ட் பழுதாகி எர்த்துக்குக் கசிந்துகொண்டிருக்கிறது. எத்தனை நாளாகவோ! பழைய பெட்டி வாயைத் திறக்கவில்லை. அந்த எர்த் வயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் கீசர் உடம்பிலேயே கரண்ட் நின்றிருக்கும். அப்பா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, கீசரின் பிளக்கைத் தானே போய்ப் பிடுங்கினார்.

மாடி லைன் எம்சிபியை அணைத்து டேப் ஒட்டியிருக்கிறோம். புது வயர் இழுக்க அண்ணன் அடுத்த வாரம் வருகிறார். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அது உள்ளே இருக்கும் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். அதையும் அடுத்த வார வேலையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.