காசிமேட்டு மீன், மொட்டை மாடிக் கருவாடு, நடுவில் ஒரு ஆட்டோ

வடசென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பாரிமுனை நாலைந்து கிலோமீட்டர்தான். கையில் மீன் கூடையைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் கேட்டது 350 ரூபாய். "கவுச்சி ரெண்டு நாளைக்குப் போவாது சார், வண்டியக் கழுவணும்" என்றார். பேசிப் பேசி 250-க்கு வந்தார். கருவாடு போடுவதில் மிச்சம் பிடிக்க நினைத்த பணம் மீன் வாங்கிய அரை மணி நேரத்தில் காலி. எப்படிப் போவது, எவ்வளவு செலவு, எப்படிப் போடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தது. ஆட்டோக்காரர் கேட்ட கூலியில் அந்த வரிசை போய்விட்டது.

முதலில் ஆட்டோ விஷயத்தையே முடித்துவிடலாம். கூடை கொண்டு போகாதீர்கள். மூடி உள்ள தெர்மாகோல் பெட்டி, அதற்குள் தடிமனான பாலித்தீன் பை, மூடியைச் சுற்றி டேப். ஐஸ் உருகினாலும் ஒரு சொட்டு வெளியே வராது, வாடையும் வராது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சக் காசில் போய்விடலாம். மீன் எடையில் பாதியாவது ஐஸ் போடுங்கள். உச்சி வெயிலில் போவதென்றால் மீனுக்குச் சரிசமமாக. பேருந்தை நம்ப வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் பேருந்து நகராது, உள்ளே மீன் வேகும். புறநகர் ரயிலின் வெண்டர் பெட்டிதான் இந்தச் சரக்குக்கு ஏற்ற இடம். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் வீடு என்றால் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஏறிக்கொள்ளலாம்.

இனி மீன். ஏலம் விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள். ஊரே அங்கே நிற்கும், விலையும் அதற்கேற்ப நிற்கும். வார நாளில், ஏலம் ஓய்ந்து சில்லறைக்குக் கூறு போடும் நேரம்தான் நமக்கானது. விசைப்படகு நாள்கணக்கில் கடலில் தங்கிவிட்டு வரும். அதன் மீன் ஐஸில் கிடந்த மீன். ஃபைபர் படகு இரவு போய்க் காலையில் திரும்பும். கருவாட்டுக்கு ஃபைபர் படகு மீனையே தேடுங்கள். "பழசானதைத்தான் கருவாடு போடுவாங்க" என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பொய். கெட்ட மீன் உப்பில் ஊறினால் கெட்ட கருவாடுதான் ஆகும். கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். உப்பு, வெயில், கொதிக்கிற குழம்பு எதுவும் அதை அழிக்காது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிப்பது பல நேரம் இதனால்தான். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். சதையை அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டும். நெத்திலி என்றால் வயிற்றைப் பாருங்கள். வயிறு வெடித்த நெத்திலி கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு; விலை பாதி என்றாலும் வேண்டாம்.

முதல் தடவை போடுபவர்கள் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் வாங்கினால் போதும். நெத்திலியை உப்பே இல்லாமல் காய வைக்கலாம். கானாங்கெளுத்தி உப்புக் கருவாடு. வஞ்சிரம் வாங்கிக் கருவாடு போடுவது காசைக் கொளுத்துவது. மத்தியும் வேண்டாம், கொழுப்பு அதிகம், சீக்கிரம் மஞ்சளித்துக் காறல் வாடை வந்துவிடும்.

மீன் வெட்டும் அக்காக்களிடம் கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழம்புத் துண்டாகிவிடும்.

"அக்கா, கருவாட்டுக்கு. முதுகுல பொளந்து குடுங்க, வயித்துப் பக்கம் ஒட்டி இருக்கட்டும்."

"தலைய வுடவா, எடுத்துரவா?"

"இருக்கட்டும்க்கா, செவுள மட்டும் எடுத்துருங்க. குடலத் தனியா ஒரு கவர்ல போட்டுக் குடுங்க."

"குடலா? இன்னாத்துக்கு?"

அது இன்னாத்துக்கு என்று பின்னால் வருகிறது. அந்த அக்காவின் கத்தி தலையின் நடுவில் தொடங்கி, முள்ளை ஒட்டியே வால் வரை ஒரே இழுப்பில் போய் நிற்கும். புத்தகம் விரிவது போல மீன் விரியும். முள்ளை ஒட்டி ஒரு கறுத்த ரத்தக் கோடு தெரியும். அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். கருவாடு முதலில் நாறத் தொடங்குவது அந்தக் கோட்டிலிருந்துதான்.

உப்பில் கஞ்சத்தனம் கூடாது. சுத்தம் செய்த மீன் 4 கிலோவுக்கு 1 கிலோ கல் உப்பு. கடையில் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் கசிந்து கையில் ஒட்டினால் அதில் மெக்னீசியம் அதிகம். லேசாகக் கசக்கும், அந்த உப்பில் போட்ட கருவாடு ஐப்பசி, கார்த்திகையில் தானாக வியர்க்கும். உலர்ந்து, வெளுத்து, கொஞ்சம் பழசான உப்பே நல்லது. உப்பளத்திலிருந்து புதிதாக வந்த உப்பில் உப்பிலேயே உயிர் வாழும் ஒரு பாக்டீரியா இருக்கும். கருவாட்டின் மேல் ரோஸ் நிறத்தில் வழவழப்பாகப் படர்வது அதன் வேலை.

பாத்திரம் பிளாஸ்டிக் டப்போ மண்பானையோ. அலுமினியமும் இரும்பும் ஆகாது, உப்பு அரித்துவிடும். அடியில் ஒரு விரல்கடை உப்பு, அதன்மேல் மீனைத் தோல் கீழே இருக்கும்படி விரித்து ஒரு வரிசை, மேலே உப்பு, மறுபடி மீன். கடைசி வரிசைக்கு மட்டும் தோல் மேலே. அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் கல். ஆறேழு மணி நேரத்தில் மீன் தண்ணீர் விட்டு, உப்புநீர் மூழ்கும் அளவுக்கு ஏறிவிட வேண்டும். ஏறவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 360 கிராம் உப்பு கரைத்து மூழ்கும் வரை ஊற்றுங்கள். உப்புநீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுதான் முதலில் கெடும். சின்ன மீனுக்கு ஒரு நாள், முக்கால் அடி நீள மீனுக்கு இரண்டு நாள்.

எடுத்ததும் குழாயடியில் காட்டி அலசுவதுதான் பலரும் செய்யும் கோளாறு. நல்ல தண்ணீர் மேற்பரப்பின் உப்பைக் கழுவிவிடும், ஈ அங்கேதான் உட்காரும். உப்புத் தண்ணீரிலேயே ஒரு முக்கு முக்கி, சாய்த்து வைத்து வடிய விடுங்கள். மிஞ்சும் உப்புநீர் சாக்கடைக்குப் போகட்டும். செடிக்கும் வேண்டாம், மழைநீர் சேகரிப்புத் தொட்டிப் பக்கமும் வேண்டாம். நம் பகுதியில் நிலத்தடி நீர் ஏற்கெனவே போதுமான உப்பு.

காய வைக்கத் தரை கூடவே கூடாது. மாடித் தரையில் பாய் விரித்துப் போட்டால் அடிப்பக்கம் ஈரம் நிற்கும், மண் ஒட்டும், பூனைக்கு விருந்து. சவுக்குக் கட்டையில் 6 அடிக்கு 3 அடி சட்டம், இடுப்பு உயரக் கால்கள், மேலே இழுத்துக் கட்டிய நைலான் வலை. வலை காசிமேட்டு வலைக் கடைகளிலேயே துண்டாகக் கிடைக்கும். பி.வி.சி. குழாயில் சட்டம் கட்டலாம் என்று யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள். பங்குனி வெயிலில் நடுவில் தொய்ந்து, மீன் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் பரப்பக் கூடாது. அதாவது இந்தச் சட்டத்துக்கு 8 கிலோ. நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், எறும்புக்காக. மேலே ஒரு சாண் உயரத்தில் கொசுவலை, ஈக்கும் காக்காய்க்கும் சேர்த்து. கொசுவலை மீன்மேல் படிந்தால் பயனில்லை, ஈ வலைக்கு மேலிருந்தே முட்டை வைத்துவிடும். ஈ மருந்து தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சாப்பிடுவதற்குப் பட்டினி கிடக்கலாம்.

எண்ணூர், வல்லூர், அத்திப்பட்டுப் பக்கம் வீடு என்றால் இன்னொரு தொல்லை, அனல் மின் நிலையத்துச் சாம்பல். காலையில் மாடிச் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் கறுத்தால் கொசுவலைக்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணியும் வேண்டும், தினம் அதை உதற வேண்டும். அந்தத் துணி நடுப்பகல் வெயிலையும் தணிக்கும், அது ஒரு லாபம். ஏனென்றால் வெயில் அதிகமானாலும் கெடுதல்தான். முதல் நாளே 11 மணி முதல் 3 மணி வரை நேர் வெயிலில் காட்டினால் மேல்தோல் ஓடாக இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். வெளியே கல், உள்ளே சொதசொத. பத்து நாளில் நாறும். கருவாட்டுக்குக் காற்றுதான் முக்கியம், வெயில் இரண்டாவது. முதல் நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். பனி விலகி 8 மணிக்குமேல் விரித்து, பொழுது சாயும்முன் எடுத்துவிடுங்கள். இரவில் அடுக்கி, மேலே பாரம் வைத்தால் உள் ஈரம் வெளியே வரும். மறுநாள் அது காயும். உப்புக் கருவாடு மூன்று, நான்கு நாளில் தயார். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. நெத்திலி இரண்டு நாளிலேயே, ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். 4 கிலோ நெத்திலி காய்ந்து 1 கிலோ சொச்சம்தான் நிற்கும். விலை கணக்குப் போடும்போது இதை மறந்துவிட்டு "கடையில ஏன் இவ்ளோ வெல?" என்று கேட்கக் கூடாது.

மாடி பொதுவானது என்றால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால் கிலோ கொடுப்பதாகச் சொன்னால் வாடை குறையும்.

இப்போது அந்தக் குடல் பை. உப்பு படாத குடல், செவுள் 1 கிலோ, மலிவான கறுப்பு வெல்லம் 1 கிலோ. வெல்லத்தைத் தூளாக்கி, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, நிழலில் வைக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கால் பாகம் காலி இடம் விடுங்கள். முதல் வாரம் தினமும் மூடியை லேசாகத் திருகி வாயுவை வெளியே விட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் டப்பா உப்பி வெடிக்கும். 21 நாளுக்கு மேல் தேன் நிறத்தில் வடியும். இதுதான் செடிக்கு உரமாகும் மீன் அமிலம். பழ வாடை வந்தால் சரி. பிண வாடை வந்தால் வெல்லம் குறைவு, அல்லது ஈரம் புகுந்துவிட்டது. இன்னும் கால் கிலோ வெல்லம் போட்டு ஒரு வாரம் விடுங்கள். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி. சாயங்காலம் தெளிக்க வேண்டும். மாடியில் வெண்டை, கத்தரி, கீரை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான தழைச்சத்து கிடையாது. அதிகம் ஊற்றினால் செடி இலையாகவே போகும், காய் பிடிக்காது.

பாரிமுனைக்குப் போனது மழைநீர் டிரம்முக்கான குழாய்ச் சாமான் வாங்க. செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு இரண்டையும் சுற்றி வந்தால் போதும். விலை கடைக்குக் கடை மாறும், மூன்று கடை கேட்காமல் வாங்காதீர்கள். 200 லிட்டர் நீல டிரம் பழையது வாங்குபவர்கள் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் டிரம்மில் என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. லேபிள் சுரண்டப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய், ஊறுகாய், சர்க்கரைப் பாகு வந்த டிரம் மட்டும். 600 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழைக்கு 56 லிட்டர் விழும். சாம்பலும் காக்காய் எச்சமும் சேர்ந்து வரும் முதல் 2 மி.மீ., அதாவது 110 லிட்டரை, தனிக் குழாயில் வெளியே விட வேண்டும். அதன் பிறகும் 20 மி.மீ. மழைக்கு, ஊறுவதும் சிதறுவதும் போக, 800 லிட்டர் பக்கம் தேறும். ஒரு டிரம் அதில் சீக்கிரமே நிறைந்து வழிந்துவிடும். வழியும் குழாயைச் சேகரிப்புக் குழிக்குக் கொடுத்துவிடுங்கள், டிரம் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

ஆட்டோவில் போன காசுக்கு வயிறாவது நிறையட்டும் என்று பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மஞ்சள் நூடுல்ஸ், பொடியாக அரிந்த கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பானது), பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எல்லாம் ஒரு கிண்ணத்தில் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டியும் ஊற்றுவார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. ஒரு குறை: புளிப்பு ஒரு கரண்டி தூக்கல், முன்கூட்டியே "புளி கம்மி" என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகத் தேதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. ஃபைபர் படகு மீன் மட்டும் வரும், விலை எகிறும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மீன் இருந்தாலும் காயாது. மாசியும் பங்குனியும்தான் நமக்கு. அப்போது போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் தடைக்காலம் முழுக்கக் கத்தரிக்காய் கருவாட்டுக் குழம்புக்குக் குறைவிருக்காது. பெட்டியை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மார்க்கெட் வாசலில் தெர்மாகோல் பெட்டிக்கு இரண்டு மடங்கு சொல்கிறார்கள்.