கூடையைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன்

ஏப்ரல் 12, 2025, சனி

பாலோ வெர்டே பூத்துக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அரிசோனாவின் மாநில மரம். தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அவர்கள் வீட்டில் பூல், அதாவது நீச்சல் குளம், இல்லை போலிருக்கிறது. காலையில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, மஞ்சள்தான் தெரிந்தது. மிதக்கிற பூவைப் பூல் ஓரத்தில் இருக்கும் ஸ்கிம்மர் வடிகட்டி இழுத்துக்கொள்ளும். ஊறி அடியில் இறங்கியதைப் பூலைச் சுத்தம் செய்யும் ரோபோதான் அள்ள வேண்டும்.

பக்கத்து ஊரான கில்பர்ட்டில் புதிதாகப் பூல் வைத்த வீடு வாங்கியிருக்கும் தோழி போன் செய்தாள். "ஏண்டி, அந்த ரோபோவ தினமும் போடணுமா, வாரத்துக்கு ஒருதடவ போதுமா?" ஒரே வரியில் பதில் வேண்டுமாம். ஓடி முடித்ததும் அதன் குப்பைக் கூடையைத் திறந்து பார் என்றேன். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் இடைவெளியைக் குறை, ஒரு பிடி மண் மட்டும் கிடந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடு. "இதெல்லாம் ஒரு பதிலா?" என்று வைத்துவிட்டாள். அவளுக்காகத்தான் இந்த வருஷம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது 15,000 கேலன், அதாவது 56,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் ஊர் சாண்ட்லரில் இது நடுத்தரம். இந்தப் பூ கொட்டி முடிகிறவரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுகிறேன்.

மே 4, ஞாயிறு

மாயவரத்திலிருந்து மாமா வந்திருக்கிறார். ஆறு மாதம் இருப்பார். காலைக் காப்பியோடு பூல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோபோ சுவரில் ஏறி இறங்குவதை விடாமல் பார்க்கிறார். இன்று கேட்டார்: "ஏம்மா, இது கரண்ட்ட குடிச்சிடாதா?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். ரோபோவுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பாக்ஸில் 180 வாட் என்று போட்டிருக்கிறது. ஒரு சுற்று 2 மணி நேரம். ஆக 0.36 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் என்று வைத்தாலும் 6 சென்ட்கூட வராது. "அப்ப தினமும் போடேன், என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

கெடுவது கரண்ட் பில் இல்லை, மிஷின். வாரம் 3 முறை என்றால் வருஷத்துக்கு 312 மணி நேரம். தினமும் என்றால் 730. எங்கள் பூலுக்குக் கூழாங்கல் பூச்சு. காலில் சொரசொரவென்று படும். பிரஷும் சக்கரப் பட்டையும் அதில் வேகமாகத் தேயும். வழவழப்பான பூச்சு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. பாக்ஸில் தினமும், 2 நாளுக்கு ஒருமுறை, 3 நாளுக்கு ஒருமுறை என்று பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் ரோபோவைத் தண்ணீரிலேயே விட்டுவைக்கத் தோன்றும். குளோரின் தண்ணீரிலும் இந்த ஊர் வெயிலிலும் நாள் கணக்கில் கிடந்தால் கேபிளும் ரப்பரும் விறைத்துப்போகும். ஓடி முடித்தால் வெளியே எடுத்துவிடுவது என்று வீட்டில் சட்டம்.

அதற்குத் தனி மோட்டார், தனி ஃபில்டர். பூல் பம்ப் ஓடாவிட்டாலும் ஓடும். அப்படியானால் பம்ப் நேரத்தைப் பாதியாக வெட்டலாமே என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. குளோரின் எல்லா மூலைக்கும் போய்ச் சேருவது பம்ப்பால். ரோபோ கூட்டிப் பெருக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

பூ ஓய்ந்தது. மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வருஷத்திலேயே வறண்ட மாதம் இது. கூடையில் விழுவது மண்ணும் பூச்சியும்தான். வாரம் 2 முறைக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரில். சன்ஸ்கிரீன் எண்ணெய் ஓரத்து ஓட்டில் ஒரு கோடாகப் படிகிறது. வாரத்தில் ஒரு சுற்றாவது சுவரும் சேர்த்துத் தேய்க்கிற முறையில் போட வேண்டியிருக்கிறது. மற்றதற்குத் தரை மட்டும் போதும்.

ஆள் உள்ளே இருக்கும்போது ரோபோ ஓடக் கூடாது. இதில் பேரமே கிடையாது. உள்ளே போவது குறைந்த வோல்டேஜ்தான் என்றாலும் பிளக்கைப் பிடுங்கி, ரோபோவைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் பிள்ளைகள் குதிக்கலாம். பவர் பாக்ஸை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, நிழலில் வைத்திருக்கிறேன்.

இன்று கூடையைத் திறந்தபோது மாமாவும் பக்கத்தில் இருந்தார். கறுத்த பூச்சருகு, இரண்டு மூன்று சில்வண்டு, நடுவில் வைக்கோல் நிறத்தில் ஒரு தேள். செத்தது என்று நினைத்துக் குச்சியால் தொட்டால் வாலை நிமிர்த்துகிறது. இந்த ஊர் மரப்பட்டைத் தேள் தண்ணீருக்குள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் வட அமெரிக்காவில் விஷம் அதிகமுள்ள தேள் இதுதான். மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். கையுறை இல்லாமல் அந்தக் கூடைக்குள் கை விடாதே என்று தோழிக்கு இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலம் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் 35 டிகிரி. எங்கள் ரோபோவின் கையேட்டில் 6 முதல் 34 டிகிரி வரை என்று இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. தண்ணீரே மோட்டாரைக் குளிர்விப்பதால் அது சூடாக இருந்தால் மிஷினுக்குத்தான் கஷ்டம். விடியற்காலை 5 மணிக்குப் போடுகிறேன். அப்போது ஒன்றிரண்டு டிகிரி இறங்கியிருக்கும்.

தோழி மறுபடியும் அழைத்தாள். தினமும் ஓட்டுகிறாளாம், ஆனாலும் படிக்கட்டில் பச்சை. எப்படிப் போகும்? படிக்கட்டிலும் ஆழமில்லாத மேடையிலும் ரோபோ ஒழுங்காக ஏறாது. ஏறினாலும் பாசியைக் கொல்லாது, தேய்த்துக் கலக்கிவிடும். பாசிக்கு மருந்து குளோரின். இந்த வெயிலில், குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் மருந்து குறைவாக இருந்தால் காலையில் போட்ட குளோரின் சாயங்காலம் இருக்காது. டெஸ்ட் கிட் எடு, கையால் பிரஷ் போடு, ரோபோவை மூன்று நாள் சும்மா விடு என்றேன். இந்தமுறை "சரிடி" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாயங்காலம் புழுதிப் புயல். இங்கே ஹபூப் என்பார்கள். தெற்கே வானம் வரைக்கும் பழுப்புச் சுவர் ஒன்று எழுந்து வந்தது. சில நிமிஷத்தில் எதிர்வீடு தெரியவில்லை. பின்னாலேயே காற்றும் மழையும். ஸ்கை ஹார்பர் விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி. ஊரில் பல இடங்களில் கரண்ட் இல்லை, எங்களுக்கு மினுக்கிவிட்டு வந்துவிட்டது. பூல் டீக்கடை டீ நிறத்தில் நிற்கிறது. வீட்டுக்காரர் ரோபோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இப்போது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஏன் தடுத்தேன் என்றால், புழுதி அடியில் படிய ஒரு ராத்திரி ஆகும். மிதக்கிற மண்ணை ரோபோ பிடிக்காது. சுள்ளியும் ஓலையும் கிடக்கும்போது இறக்கினால் உள்ளே காற்றாடியில் சிக்கும். காலையில் முதலில் வலையால் சுள்ளியை வாரினேன். ஸ்கிம்மர் கூடை, பம்ப் கூடை இரண்டையும் கொட்டினேன். அப்புறம்தான் ரோபோ, சாதாரண ஃபில்டரோடு. நுண்ணிய துளையுள்ள மெல்லிய ஃபில்டரை முதலிலேயே போட்டால் அரைமணியில் அடைத்துக்கொண்டு தண்ணீர் இழுக்காமல் சுவரில் ஏறத் திணறும்.

வெளியே எடுக்கும்போது கேபிளைப் பிடித்து விளிம்பு வரைக்கும் இழுக்கலாம். தண்ணீரை விட்டுத் தூக்குவது கைப்பிடியால். உள்ளே இருக்கிற தண்ணீர் வடியக் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்க வேண்டும், கனம் தோளை இழுக்கும். கூடையைத் திறந்தால் மடிப்புக்கு மடிப்பு காவிச் சேறு. விரலால் வழித்தால் குழையக் குழைய வருகிறது. பவுடர் நைசு, நெருடவே இல்லை. ஹோஸ் பைப்பை வைத்து அடித்தால்தான் கழன்று போகிறது. காயவிட்டால் இதுவே கெட்டித்துப் பிடித்துக்கொள்ளும். கழுவிய தண்ணீர் எலுமிச்சைக்குப் போனது.

மத்தியானம் இரண்டாம் சுற்று, மெல்லிய ஃபில்டரோடு. அதுவும் நிறைந்தே வந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

மூன்றாம் சுற்றில் கூடை பாதிதான். தரை தெரிகிறது. பூல் ஃபில்டரின் அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தது, தண்ணீரைத் திருப்பி ஓட்டிக் கழுவும் பேக்வாஷ் செய்தாயிற்று. குளோரின் கிட்டத்தட்டப் பூஜ்யம். புழுதியோடு வந்த குப்பையெல்லாம் தின்றுவிட்டது. பொழுது சாய்ந்ததும் ஷாக், அதாவது ஒரேயடியாக நிறையக் குளோரின், போட்டேன். அது 4 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 4 பங்கு) கீழே இறங்குகிறவரை ரோபோவுக்கு லீவு.

"பாத்தியா, தினமும் ஓட்டணும்னு வந்துடுச்சு" என்கிறார் மாமா. இந்த வாரத்துக்கு வந்துவிட்டது, உண்மைதான். இங்கே மான்சூன் என்கிற புயல்மழைக் காலம் செப்டம்பர் 30 வரை. அதுவரை பொதுவாக வாரம் 3, காற்றடித்தால் மறுநாள் கூடுதலாக ஒன்று.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. அதிரசத்துக்குப் பாகு வைத்துக்கொண்டே எழுதுகிறேன், சுருக்கமாக. தெருவில் எல்லோரும் குளிர்காலப் புல் விதைத்திருக்கிறார்கள். விதையும் எருவும் காற்றில் வந்து விழுகின்றன. எரு என்பது பாசிக்குச் சாப்பாடு. இன்னும் இரண்டு வாரத்துக்கு வாரம் 2 முறை, பிறகு 1. மாமா அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார்.

டிசம்பர் 14, ஞாயிறு

தண்ணீர் 13 டிகிரி. கால் வைக்க முடியாது. இங்கே பூலை மூடுகிற வழக்கமில்லை, பம்ப் தினமும் சில மணி நேரம் ஓடும். பாசி இந்தக் குளிரில் தலை தூக்காது. ஞாயிறு காலை ஒரு சுற்று, தரை மட்டும். போன வாரம் கூடையில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. பின்வீட்டு ஆஷ் மரம் இலை உதிர்க்கத் தொடங்கியிருப்பதால் பத்து நாளைக்கு ஒருமுறை என்று இப்போதைக்குத் தள்ளவில்லை. ரோபோ கராஜில் இருக்கிறது. உறைபனி விழும் ராத்திரியில் உள்ளே தேங்கிய தண்ணீரோடு வெளியே வைக்கக் கூடாது.

பிரஷைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது, சக்கரப் பட்டை இன்னும் ஒரு வருஷம் தாங்கும். பூ ஆரம்பிப்பதற்குள் பிரஷை மாற்ற வேண்டும். தோழிக்கும் சேர்த்து ஆர்டர் போடச் சொன்னாள். அவளுடையது வழவழப் பூச்சு, ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.