குச்சியைத் திருகுவதற்கு முன்

ஆம்புலன்ஸ் பையில் இருப்பதிலேயே எளிய கருவி, கை கால் காயத்தில் பெருகும் இரத்தத்தை இறுக்கி நிறுத்தும் டூர்னிக்கெட்தான். ஒரு பட்டை, ஒரு கொக்கி, திருக ஒரு குச்சி. அவசரப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும், தப்பாகப் போடப்பட்டு வருவதிலும் அதற்கு முதலிடம் உண்டு.

பிழை பெரும்பாலும் பட்டையில்தான். தளர்வாக மாட்டிவிட்டு, மிச்சத்தைக் குச்சி பார்த்துக்கொள்ளும் என்று திருக ஆரம்பிக்கிறோம். தளர்ந்த பட்டை முறுக்கிக்கொண்டு முடிச்சாகிவிடும். அதற்கு மேல் குச்சி நகராது, இரத்தமும் நிற்காது. மூன்று விரல் நுனிகள்கூட அடியில் நுழையாதபடி பட்டையை இழுத்து ஒட்டிய பிறகே குச்சியில் கை வைக்க வேண்டும். அப்படி இழுத்திருந்தால் சில அரைச்சுற்றுகளே போதும்.

அரைகுறை இறுக்கம் ஆபத்தானது. இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை அடைபடும், கொண்டுவரும் தமனி ஓடிக்கொண்டிருக்கும். கை கால் கருத்து வீங்கி, இரத்தப்போக்கு கூடும். இரத்தம் நின்றதா, மணிக்கட்டிலோ பாதத்திலோ நாடி மறைந்ததா என இரண்டையும் பார்க்க வேண்டும். நிற்கவில்லையென்றால் முதல் பட்டைக்கு மேற்புறம், உடல் பக்கமாக, ஒட்டினாற்போல் இரண்டாவது.

இடம்: காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, முழங்கை, முழங்கால் மூட்டின்மேல் கூடாது. கால்சட்டைப் பையில் சாவியோ போனோ இருந்தால் எடுத்துவிடுங்கள், பட்டை அதன்மேல் உட்கார்ந்தால் அழுத்தம் தசைக்குப் போகாது. போட்ட நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். சரியாகப் போட்டால் கடுமையாக வலிக்கும், அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். வலி மருந்து கொடுக்கலாம், தளர்த்தக் கூடாது. அவ்வப்போது தளர்த்தி இறுக்கும் பழைய வழக்கத்தில் ஒவ்வொரு முறையும் இரத்தம்தான் போகிறது.

தொடை சேரும் இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் பட்டை நிற்காது. அங்கே காஸ் துணியைக் காயத்துக்குள் திணிக்க வேண்டும். வெளியே அடுக்குவது திணிப்பதாகாது. விரலால் இரத்தம் வரும் புள்ளியைத் தேடி, துணியின் முதல் நுனியை அங்கேயே அழுத்தி, அந்த அழுத்தத்தை விடாமல் மறு கையால் மீதியை ஊட்டி நிரப்புங்கள். பிறகு இரத்தம் உறைய வைக்கும் காஸ் என்றால் 3 நிமிடம், சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம் உடல் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள், பதற்றத்தில் ஒரு நிமிடமே மூன்றாகத் தோன்றும். நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும்.

இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம் என்றால் சுற்றி இறுக்கும் இடுப்பெலும்புப் பட்டையைப் பெல்ட் கட்டும் இடத்தில் கட்டுவது இன்னொரு பிழை. தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்திருக்கும் இடமே, ஏறத்தாழ கால்சட்டைப் பையின் உயரமே, சரி. எலும்பு உடைந்ததா என்று இடுப்பை ஆட்டிப் பார்க்கவே வேண்டாம்.

உறைந்த இரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்தான டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் சிரை வழியாக, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள். அடிபட்டு இரத்தம் இழந்தவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு 2010இல் அதன் பயனைக் காட்டியது. 3 மணி நேரம் கடந்தபின் கொடுத்தால் கேடு என்று அடுத்த ஆண்டே அதே தரவு சொன்னது. ஆனால் மருந்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் போர்வைக்குக் காட்டுவதில்லை என்பதே நம் பெரிய குறை. உடல் குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. ஈர உடையை வெட்டி எடுத்த கையோடு மேலும் கீழும் போர்த்துங்கள், முதுகுக்கடியில் குளிர்ந்த தரை இருப்பதை மறக்காமல்.

பயிற்சிக்கு எடுத்த டூர்னிக்கெட்டை மீண்டும் பைக்குள் வைக்காதீர்கள். பலமுறை திருகிய குச்சி வளைந்திருக்கும், வெல்க்ரோ பிடிப்பு இழந்திருக்கும். பயிற்சிப் பட்டையில் சிவப்பு நாடா சுற்றித் தனியே வையுங்கள்.