மூங்க்கின் மடோனா, கறுப்புப் பிரதி

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் என்றாலே எல்லோரும் அவருடைய 'அலறல்' ஓவியத்தின் பக்கம் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அவருடைய 'மடோனா' கல்லச்சுதான் (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்சிடும் படம், லித்தோகிராஃப்) அதைவிட ஒரு படி மேல். 1895இல் செய்தது. கண்ணில் படுவதைவிட மனக்கொந்தளிப்பை வரையும் எக்ஸ்பிரஷனிசம் என்ற பாணியின் பெயர் புழக்கத்துக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அதன் குணமெல்லாம் இதிலேயே வந்துவிட்டது.

ஆடையில்லாத பெண், மூடிய கண்கள், பின்னால் போன கைகள். உடம்பில் கோடுகள் குறைவு. பெரும்பாலும் வெளிச்சமாகவே விட்டிருக்கிறார். படபடப்பெல்லாம் சுற்றிலும்தான். கூந்தல் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி அலையலையாக இழுத்திருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் எண்ணெய்ப்பசை மையின் திட்டான கறுப்பு, கிரேயான் கல்லில் உரசிய சொரசொரப்பு, அப்புறம் அந்தக் கறுப்பையே ஊசியால் சுரண்டியெடுத்த வெள்ளைக் கீறல்கள். செப்புத்தகட்டு அச்சு மாதிரி கோடுகளை அமிலத்தில் அரித்துக் குழியாக்கும் வேலை கல்லச்சின் சுண்ணாம்புக் கல்லில் இல்லை. கை அழுத்தினால் அழுத்தமாக, தடவினால் லேசாக, அப்படியே காகிதத்துக்கு வரும்.

ஓரச்சட்டத்தில் விந்தணுக்கள் நீந்துகின்றன. இடது கீழ்மூலையில் பெரிய கண்களோடு ஒரு கரு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பெயர் மடோனா, அதாவது ஏசுவின் தாய் மேரி! ஆளுக்குத் துணிச்சல்தான்.

1902இல் நிறம் ஏற்றும் அச்சுக்கற்களும் சேர்த்து மறுபடி அச்சிட்டார்; தலைக்குப் பின்னால் சிவப்பு வளையம். அழகுதான், சரி. எனக்குக் கறுப்புப் பிரதியே போதும். நிறம் வந்ததும் கண் சிவப்பிலேயே நின்றுவிடுகிறது, கீறல்களைத் தேடிப் போவதில்லை.